பேட்டரியின் மீது பழி

வண்டி கிளம்பவில்லையென்றால் முதற்பழி பேட்டரியின் மீதே விழுகிறது. பணம் கொடுத்துப் புதியதொன்றை வாங்கி வைக்கிறோம். சில மாதம் நிம்மதியாக இருக்கிறோம். பழைய தொல்லை திரும்பி வரும்போது, இக்காலத்துப் பேட்டரிகளே தரங்கெட்டுவிட்டன என்று பெருமூச்செறிகிறோம். ஆனால் இவ்வாறு தூக்கியெறியப்படும் பேட்டரிகளுள் பல குற்றவாளிகளே அல்ல. அவை பட்டினி போடப்பட்டவை. செர்மனி நாட்டில் நான் கண்ட ஒரு பழைய வண்டியின் கதையைச் சொன்னால் இது விளங்கும்.

2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்நாட்டுப் பங்கு ஒன்றில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாக ஐந்து வாரம் பணியாற்றினேன். குருமனைக்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் வாழ்ந்தனர். அவர்கள் முற்றத்தில் நின்றது 1987-ஆம் ஆண்டின் வோக்ஸ்வாகன் வண்டி. நம் ஊரில் வேன் என்றால் ஆட்களை ஏற்றுவதற்கு, இதுவோ குடியிருப்பதற்கு. உள்ளே மடித்து விரிக்கும் படுக்கை, சிறு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி எல்லாம் உண்டு. கேம்பர் வேன் என்று பெயர். அந்நாட்டில் வெஸ்ட்பாலியா என்னும் நிறுவனம் 1951 முதல் வோக்ஸ்வாகன் வண்டிகளை இவ்வாறு வீடாக மாற்றிக் கொடுத்து வந்தது. பிள்ளைகள் சிறுவராயிருந்த நாள் முதல் ஒவ்வொரு கோடையிலும் இவர்கள் இவ்வண்டியிலேயே பிரான்சு நாட்டின் பிரெட்டனிக் கடற்கரைக்குச் சென்று வந்தவர்கள்.

அவ்வாண்டு பயணம் இல்லை என்று அம்மையார் முடிவு செய்துவிட்டார். காரணம் சிறிதன்று. ஆசிரியருக்கு நீரிழிவு, நாள்தோறும் இன்சுலின் போட்டாக வேண்டும். ஆறு வாரத்திற்கான மருந்து வண்டியின் குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியோ இரண்டு ஆண்டுகளாக நள்ளிரவில் நின்றுபோகிறது. முந்தைய கோடையில் நடுவழியில் மருந்து கெட்டு, மொழி தெரியாத ஊரில் மருந்துக்கடை தேடி அலைந்தார்களாம். இரண்டு முறை பேட்டரி மாற்றியாயிற்று. ஒரு பட்டறையில் ஆல்டர்னேட்டரையே மாற்றிப் பெருந்தொகை வாங்கிக்கொண்டார்கள். அந்த வசந்தத்தில் மூன்றாவது பேட்டரியும் வாங்கிப் பொருத்தினார்கள். அதுவும் தளர்ந்தது. வண்டியை விற்பதற்கு விளம்பரம் எழுதி வைத்திருந்தார் ஆசிரியர். கொடுக்க மனம் வராமல் மேசைமேல் கிடந்தது.

என் தந்தையார் பேட்டரி சார்ஜ் செய்யும் கடை வைத்திருந்தவர். பஸ் கம்பெனி வண்டிகளுக்கு மின்வேலையும் பார்ப்பார். பள்ளி விடுமுறைகளில் நான் அங்கே டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியும், செம்புக் கம்பிகளைச் சுரண்டியும் வளர்ந்தவன். "கம்பியைத் தொட்டுப் பாருடா, எங்கே சுடுகிறதோ அங்கே சண்டை" என்பார். நல்ல இணைப்பு சூடாகாது. துருவேறிய இணைப்பு மின்சாரத்தைத் தடுத்து, தானும் சூடாகும். அந்தப் பழக்கத்தில், வண்டியை ஒருமுறை பார்க்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டு வந்து கையில் கொடுத்தார். மூன்று பேட்டரியின் விலை கொடுத்தவர் வீட்டில் அந்தக் கருவி உறை பிரிக்கப்படாமல் இருந்தது!

இவ்வகை வண்டியில் பேட்டரிகள் இரண்டு. ஒன்று எஞ்சினைக் கிளப்புவதற்கு. மற்றது விளக்கு, தண்ணீர்ப் பம்பு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றுக்கு. இரவில் இரண்டாவது எவ்வளவு இறங்கினாலும் முதலாவது தீண்டப்படாமல் இருந்தால்தானே காலையில் வண்டி கிளம்பும்? ஆகவே இடையில் ஒரு ரிலே இருக்கும். எஞ்சின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும்போது ரிலே 'டக்' என்று மூடி இரண்டையும் இணைக்கும். எஞ்சின் நின்றால் பிரித்துவிடும். 1979-இல் வெளிவரத் தொடங்கிய இந்த மூன்றாம் தலைமுறை வண்டியில் எஞ்சின் பின்னால் இருக்கிறது. பேட்டரிகளோ முன்னிருக்கைகளின் அடியில். மின்சாரம் ஏறக்குறைய வண்டியின் நீளம் முழுவதையும் கடந்து வர வேண்டும். வந்த வழி போதாதென்று, வண்டியின் இரும்பு உடல் வழியாக எஞ்சினுக்குத் திரும்பியும் போக வேண்டும். இந்தத் திரும்பும் வழியைத்தான் பட்டறைக்காரர்கள் 'எர்த்' என்கிறார்கள். எல்லாரும் மறப்பது இதனைத்தான்.

முதல் வேலையாக, இரவு முழுதும் ஓய்ந்திருந்த பேட்டரிகளைக் காலையில் அளந்தேன். நிறைந்த பேட்டரி 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12-க்கு வந்தால் ஏறக்குறையக் காலி. எஞ்சின் பேட்டரி 12.5, இரண்டாவது 11.8. பின்பு எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளையும் குளிர்ப்பெட்டியையும் போடச் சொன்னேன். இது முக்கியம். மின்சாரம் ஓடாதபோது அளந்தால் ஒரேயொரு இழையில் தொங்கும் கம்பியும் முழு வோல்ட் காட்டி நம்மை ஏமாற்றும். சுமை ஏற்றினால்தான் அதன் பலவீனம் வெளிப்படும். பட்டறையில் விளக்கை அணைத்து வைத்து அளந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2 வோல்ட். அப்பழுக்கில்லை. எஞ்சின் பேட்டரியில் 13.6. இரண்டாவது பேட்டரியில் 12.3! ஏறக்குறைய இரண்டு வோல்ட் வழியில் எங்கோ காணாமற்போயிருந்தது.

காணாமற்போன பணத்தைக் கணக்குப் புத்தகத்தில் தேடுவது போல, ஒவ்வொரு துண்டாகத் தேடினோம். மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பாசிட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தால் அந்தக் கம்பி விழுங்குவது எவ்வளவு என்று தெரியும்: 0.3. அவ்வாறே எஞ்சின் உடலுக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே: இன்னொரு 0.3. வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தபோது, கியர்ப்பெட்டியையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னற்செம்பு பட்டை பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. அடுத்து ரிலே, அதன் இரு முனைகளுக்கிடையே 0.4. உள்ளே தொடுமுனை கருகியிருக்க வேண்டும். கடைசியாக இரண்டாவது பேட்டரியின் எர்த்: 0.9! முன்பு வண்டியை வைத்திருந்த யாரோ ஒருவர், இருக்கைப் பெட்டியின் பெயிண்டைச் சுரண்டாமலே அதன்மேல் ஒரு திருகாணியைப் போட்டு முடுக்கியிருந்தார். அடியில் துரு. தொட்டுப் பார்த்தேன், நன்றாகச் சுட்டது. கணக்கு நேராயிற்று.

இனி, பேட்டரிகள் ஏன் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன என்பதும் விளங்கிற்று. பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் கண்ட அதே ஈய-அமில ஏற்பாடுதான் இன்றும் இவ்வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது. மின்சாரம் இறங்கும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட் படிகிறது, ஏறும்போது கரைகிறது. முழுமையாக ஏற்றாமல் அரைவயிற்றோடு வாரக்கணக்கில் விட்டால் அப்படிவு இறுகி, பின்பு கரைய மறுக்கிறது. 12.3 வோல்ட்டில் எந்தப் பேட்டரிக்கும் வயிறு நிறையாது. புதிதாக எத்தனை வாங்கி வைத்தாலும் அவற்றுக்கு இதே கதிதான். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளும், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் பங்கு வேன்களின் பேட்டரிகளும் இவ்வாறே வீணாவதைக் காண்கிறோம்.

வேலை ஒரு பகலில் முடிந்தது. முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றினோம். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் ஆசிரியர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பாசிட்டிவையும் வண்டியின் உடலையும் மோதிரமோ ஸ்பேனரோ ஒருசேரத் தொட்டால் விரலே வெந்துபோகும். புதிய எர்த் பட்டை, புதிய ரிலே, சற்றுத் தடித்த கம்பி. அக்கம்பியில் இரு பேட்டரிகளுக்கும் அருகில் ஒவ்வொரு பியூஸ். பெயிண்டை வெள்ளி போல் மின்னும்வரை சுரண்டி, முடுக்கியபின் வாசலின் தடவினோம். செலவு, தூக்கியெறிந்த ஒரு பேட்டரியின் விலைகூட இல்லை. மூன்றாவது பேட்டரியை வீட்டுச் சார்ஜரில் இரண்டு நாள் வைத்திருந்தோம். இளசாக இருந்ததால் பிழைத்துக்கொண்டது: ஓய்வில் 12.6. எஞ்சின் ஓடும்போது 13.8.

ஆனால் அம்மையார் எளிதில் இசையவில்லை. "பாதர், இது ஓர் இரவு தாங்கும் என்கிறீர்களா, ஆறு வாரம் தாங்கும் என்கிறீர்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாள் எடுத்துக் கணக்கிட்டோம். குளிர்ப்பெட்டி ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 32 ஆம்பியர்-மணி. பேட்டரி 80, அதில் பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, ஒரு நாளும் சிறிது நேரமும்தான்! ஒரு மணி நேரம் ஓட்டினால் நிறைந்துவிடும் என்று ஆசிரியர் நம்பியிருந்தார். அது நடவாது; கடைசி ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதற்கு மிகவும் மெதுவாகவே ஏறும். எனவே, தங்குமிடத்தில் மின்இணைப்பு கிடைக்கும்போதெல்லாம் சார்ஜரில் போடுவது என்றும், ஓரிடத்தில் ஓர் இரவுக்குமேல் மின்சாரமின்றித் தங்குவதில்லை என்றும் முடிவாயிற்று.

அதோடு, மருந்து முழுவதையும் ஒரே பெட்டியை நம்பி வைக்கலாகாது என்றேன். நம் கிராமங்களில் குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணலும் மண்பானையும் இன்சுலினைக் காப்பதை அவர்களுக்குச் சொன்னேன். பானை 8 டிகிரிக்குக் கொண்டுவராது. ஆனால் வெயிலின் கொடுமையிலிருந்து காக்கும். அம்மையார் அதைக் கேட்டு வியந்து, நீரில் நனைத்து வைக்கும் குளிர்ப்பை ஒன்றை வாங்கி, நடப்பு மருந்தை அதில் வைத்தார். திறக்காத மருந்து மட்டும் பெட்டியில்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். அக்டோபரில் அம்மையாரிடமிருந்து கடிதம் ஒன்று வந்தது; அதனுடன் குறிப்பேட்டுத் தாள் ஒன்றின் நகல். நாள்தோறும் காலையில் அவரே மீட்டரை எடுத்து அளந்திருக்கிறார். தாளில் மூன்று பத்திகள்: தேதி, கணவரின் இரத்தச் சர்க்கரை, பேட்டரியின் வோல்ட். ஒரேயொரு நாள் 12.1 என்று இறங்கியிருந்தது. அருகில், 'மழை, நகரவில்லை, நாளை மின்சாரம் உள்ள இடத்திற்குப் போக வேண்டும்' என்று எழுதியிருந்தார். மறுநாள் 12.6.