பின்காற்று

கற்பிட்டிக் குடாநாட்டின் ஒருபுறம் இந்துமாக்கடல். மறுபுறம் புத்தளக் களப்பு. வைகாசியில் எழும் சோளகம் புரட்டாதிவரை இவ்விரண்டின் மீதும் வீசும். வெளிக்கடல் கொந்தளிக்கும் அம்மாதங்களில் மீனவர் பலர் களப்பையே நம்பியிருப்பர். அண்மைக் காலங்களில் அதே காற்றைத் தேடிப் பிறநாட்டாரும் அங்கு வருகின்றனர். ஒருவனின் பிழைப்புக்கு இடையூறானது இன்னொருவனுக்கு விளையாட்டாகிறது.

அவன் அவ்வூர் மீனவர் ஒருவரின் மகன். பல்கலைக்கழகத்திற் கலைப்பீட மாணவன். "கடல் என்னோடு போகட்டும்" என்று சொல்லி, 11ஆம் வயதிலேயே தந்தை அவனை விடுதிப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார். ஆடி மாத விடுமுறைக்கு ஊர் வந்தவன், தன்னோடு ஆரம்ப வகுப்பிற் படித்த நண்பன் வெளிநாட்டாருக்குப் பலகை ஓட்டப் பழக்குவதைக் கண்டான். நின்றபடியே நீண்ட துடுப்பினால் வலித்துச் செல்லும் பலகை அது. ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவியது. அங்கே மவுயித் தீவின் வடகரையில், வியாபாரக் காற்றை முதுகில் வாங்கியபடி மாலிக்கோவிலிருந்து கஹுலுயி நோக்கி ஓடுதல் பெயர்பெற்றது. மொலோக்காயிலிருந்து ஓவாகுவரையான 32 மைல் பலகைப் போட்டி 1997இல் தொடங்கிற்று.

"மீன்பிடிகாரன் மகனுக்கு இதையும் படிப்பிக்க வேணுமோ?" என்று அவன் நகைத்தான். நண்பன் மறுமொழி கூறவில்லை. பலகையின் கயிற்றை அவனது கணுக்காலிற் கட்டினான். "விழுந்தால் பலகையை விடாதேடா. நீ நீந்துவதிலும் வேகமாகக் காற்று அதைக் கொண்டுபோய்விடும்" என்று மட்டுஞ் சொன்னான்.

புறப்படும் இடம் ஒன்று. சேரும் இடம் வேறொன்று. இடையே கரையோரமாக ஏறக்குறைய 3 கிலோமீற்றர். காற்றை எதிர்த்துத் திரும்புதல் புதியவனால் இயலாதாகையால் வள்ளமொன்று பின்தொடர்ந்தது.

எழுந்து நின்றவன் தன் காலைப் பார்த்தான்; விழுந்தான். மீண்டும் ஏறினான். பின்காற்றில் அலையும் பின்னாலிருந்தே வருகிறது. கண் அதனைக் காண்பதில்லை, உள்ளங்காலே அறியவேண்டும். அவனுடைய கால்களோ எதனையும் அறியவில்லை. இடைவிடாது வலித்தான், கை சோர்ந்தது. பலகையின் முனை முன்னலையிற் குத்தவே மறுபடியும் விழுந்தான். உப்புநீர் மூக்கினுள் ஏறியது. வள்ளத்திலிருந்த சிறுவர் சிரித்தனர். அவர்கள் எல்லோருக்கும் அவன் யார் மகன் என்பது தெரியும்.

"காலைப் பார்க்காதேடா! முன்னாலுள்ள பள்ளத்தைப் பார். முழங்காலை மடி. பின்பக்கம் உயரும்போது மூன்று தரம் வேகமாக வலி, பிறகு சும்மா நில்" என்று நண்பன் கூவினான்.

படித்தவன் என்ற எண்ணத்தை அப்போதுதான் அவன் கைவிட்டான். சொன்னபடியே காத்திருந்தான். பலகையின் பின்பக்கம் மெல்ல எழுந்தது. மூன்று தரம் வலித்தான். பலகை சரிவில் இறங்கி ஓடத் தொடங்கிற்று. துடுப்பு ஓய்ந்திருக்க, நீர் தானே அவனைச் சுமந்து சென்றது. காற்றின் இரைச்சல்கூட நின்றுவிட்டது போலிருந்தது. சில கணங்களே, அடுத்த அலையில் மறுபடியும் நீரினுள் வீழ்ந்தான். ஆனால் இம்முறை சிரித்துக்கொண்டே பலகையைப் பற்றினான்.

கரையிலே தந்தை நின்றிருந்தார். செய்தி முந்திக்கொண்டு போயிருக்க வேண்டும். அவன் தலைகுனிந்தான். கடலிலிருந்து தன்னை விலக்குவதற்காகவே அவர் பட்ட கடன்கள் நினைவுக்கு வந்தன.

"எத்தனை தரம் விழுந்தாய் மகன்?"

"ஒன்பது தரம், அப்பா."

தந்தை சிறிது நேரம் களப்பை நோக்கினார். "தெப்பத்தில் எழும்பி நிற்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. உன் அப்பப்பாவிடம் அடியும் வாங்கினேன்" என்றார்.

அவன் அதனை ஒருபோதும் கேள்விப்பட்டதில்லை. உழைப்பின் மேன்மைபற்றிப் பரீட்சையிற் பக்கம் பக்கமாக எழுதியிருந்தான். ஆயினும் தந்தை கடலிற் பெற்றதும் ஒரு கல்வியே என்றோ, அதற்கும் ஆசிரியரும் தோல்வியும் தழும்பும் இருந்தன என்றோ எண்ணிப்பார்த்ததில்லை. மீனவன் மகன் என்பதனாலேயே கடல் தனக்கு வசப்படும் என்று கருதியமை எவ்வளவு பேதைமை! அவ்வறிவு பிறப்பினால் வருவதாயின் தந்தையின் 40 ஆண்டு உழைப்புக்குப் பொருளேது?

"நாளைக்கு நானும் உங்களோடு களப்புக்கு வரட்டுமா?" என்று கேட்டான்.

தந்தை உடனே விடையளிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக் காற்று வரும் திசையைப் பார்த்தார்.

"விடிய நாலு மணிக்கு எழும்புவாயோ?" என்றார்.