புலி ஏன் வரவில்லை?

குக்கருக்குக் காஸ்கெட் வாங்கப் போயிருப்பீர்கள். என்ன கம்பெனி, எத்தனை லிட்டர், உள்மூடியா வெளிமூடியா என்று மூன்று கேள்வி கேட்காமல் கடைக்காரர் எடுத்துக் கொடுக்க மாட்டார். "எது புதுசாக வந்திருக்கிறதோ அதைக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் கம்ப்யூட்டர் சமாசாரத்தில் மட்டும் நம் எல்லோருக்கும் புதுசின் மேல் ஒரு மோகம். அந்த மோகத்தால் 2024 மார்கழியில் எங்கள் வீட்டில் ஒரு தொழிலும் ஒரு சிநேகிதமும் சேர்ந்தே முறிய இருந்தன. கேளுங்கள்.

என் மகளும் அவளுடைய பொள்ளாச்சிச் சிநேகிதியும் கூட்டாகக் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிறார்கள். சித்திரமும் அசைவும் அவளுடையது. கணக்குப் பகுதி இவளுடையது. முதல் ஆர்டர், நம் ஊர்த் திண்ணைகளில் கரிக்கட்டியால் கோடு கிழித்து விளையாடினோமே, அந்த ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. குழந்தை ஆட்டை நகர்த்தும். புலியைக் கம்ப்யூட்டர் நகர்த்த வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தார் ஆண்டு விழாவுக்குக் கேட்டிருந்தார்கள். பாதிப் பணம் முன்னால், மீதி ஆட்டம் ஓடின பிறகு.

விளையாட்டு செய்வதற்கென்று என்ஜின் ஒன்று உண்டு. படம் காட்டுவது, சத்தம் எழுப்புவது, விரல் பட்டதைத் தெரிந்துகொள்வது எல்லாம் அதன் பொறுப்பு. இவர்கள் வைத்திருப்பது 'கோடோ'. அர்ஜென்டினாவில் ஜுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்ற இருவர் தொடங்கியது. 2014-ல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாகத் திறந்து விட்டார்கள். சாமுவேல் பெக்கெட்டின் நாடகத்தில், கடைசிவரை வந்து சேராத ஆசாமியின் பெயரைத்தான் இதற்கு வைத்திருக்கிறார்கள். நல்ல சகுனம், போங்கள்!

கோடோவுக்கென்று எளிய மொழி ஒன்று இருக்கிறது. ஆனால் புலி பல நகர்த்தல்களை முன்கூட்டி யோசிக்க வேண்டுமென்றால் அது திணறும். ஆகவே அந்தப் பகுதியை மட்டும் ஸி பிளஸ் பிளஸ் என்ற வேகமான மொழியில் தனியே எழுதி, இயந்திரத்துக்கே நேராகப் புரியும்படி மாற்றி, என்ஜினில் மாட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இணைப்பாக ஒரு லைப்ரரி, 'கோடோ-சிபிபி'. லைப்ரரி என்றதும் புத்தகம் இரவல் தரும் இடத்தை நினைக்காதீர்கள். பட்டறையில் உதிரி பாகம் போட்டு வைக்கும் பெட்டியை நினையுங்கள். அந்தச் சமயத்தில் கோடோ 4.1-க்கு ஒரு பெட்டி, 4.2-க்கு ஒரு பெட்டி, 2024 ஆகஸ்டில் வந்த 4.3-க்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

இங்கே எங்கள் வீட்டில் புலி பாய்ந்து பாய்ந்து ஆட்டைத் தின்றது. பொள்ளாச்சியில் திறந்தால் கட்டம் இருந்தது, ஆடு இருந்தது, புலியைக் காணோம். திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் இருபது வரி. கடைசி வரி, 'புலி என்றால் யாரென்றே எனக்குத் தெரியாது' என்கிற பாவனையில் இருந்ததாம்.

"உன் கணக்கில்தான் தப்பு" என்றாள் அவள். "உன் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்றாள் இவள். மூன்று நாள் போனிலேயே வாக்குவாதம். நாலாம் நாள் போனும் இல்லை. விழாவுக்கு ஐந்தே நாள். சோற்றைப் பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிற பெண்ணை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது?

என் வீட்டுக்காரருக்குக் கணபதியில் சின்ன லேத் பட்டறை. கம்ப்யூட்டர் வாசனையே கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த நம்பருக்குச் செஞ்சே கண்ணு?" என்றார்.

"புதுசுக்குத்தானுங்கப்பா. 4.3."

"அந்தப் புள்ளைகிட்ட இருக்கறது?"

மகள் பேசாமல் இருந்தாள். அவரே போன் போட்டார். "4.2ங்கப்பா" என்று பதில் வந்தது.

அவருக்கு இது புதிதல்ல. அரை அங்குல போல்ட்டில் பிரிட்டிஷ் விட்வொர்த் மரை அங்குலத்துக்குப் பன்னிரண்டு. அமெரிக்க மரை பதின்மூன்று. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். நட்டு விரலாலேயே ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பானரைப் போட்டு மல்லுக் கட்டினால் மரை போய்விடும். 1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்து மில்லிமீட்டர் மரையும் சேர்ந்துகொண்டது. பேரிங்கிலாவது நம்பர் வெட்டியிருக்கும். 6203 என்றால் துளை 17 மில்லிமீட்டர், 6204 என்றால் 20. 6204 பெரிய நம்பர் என்பதற்காக 17 மில்லிமீட்டர் ஷாஃப்டில் அதை மாட்ட முடியுமா?

அன்றிரவு சிநேகிதி அந்தச் சிவப்பு வரிகளை மேலே தள்ளிக்கொண்டு போய் முதல் வரியைப் படித்தாள். '4.3-க்காகச் செய்ததை அதைவிடப் பழைய கோடோவில் ஏற்ற முடியாது' என்று, பாவம், அது முதலிலேயே சொல்லியிருந்தது. மற்ற பத்தொன்பதும் அதன் எதிரொலி. தலை வலிக்கிறது என்று சொல்லியாயிற்று; அதற்குப் பிறகு வந்த முனகலை வைத்து வைத்தியம் பார்த்தால் எப்படி?

இதில் விசித்திரம் என்னவென்றால், 4.2-க்குச் செய்தது 4.3-ல் ஓடும். 4.3-க்குச் செய்தது 4.2-ல் ஓடாது. புது வீட்டுக்குப் பழைய மாமியாரின் பேச்சு புரியும், பழைய வீட்டுக்குப் புது மருமகளின் பேச்சு புரியாது. (யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை.) 4.0 மட்டும் விதிவிலக்கு. 2023 மார்ச்சில் வந்த அதற்காகச் செய்தது, அதே ஜூலையில் வந்த 4.1-லேயே ஓடாமல் போயிற்று.

சிநேகிதி 4.3-க்கு மாறியிருக்கலாமே என்பீர்கள். அவள் 4.2-ல் இன்னொருவர் வேலையைப் பாதியில் வைத்திருந்தாள். நடு அறுவடையில் அரிவாள் மாற்றுவார்களா? ஆகவே மகள்தான் இறங்கி வந்தாள். 4.3-ல் மட்டும் இருக்கிற எதையும் அவள் பயன்படுத்தவில்லை, அது அதிர்ஷ்டம். முன்பு செய்த துண்டு துணுக்குகளையெல்லாம் துடைத்து, 4.2-க்கான பெட்டியை எடுத்து, முதலிலிருந்து மறுபடி செய்தாள். எழுதிய கணக்கில் ஒரு வரிகூட மாறவில்லை. ஒப்படைக்கும் கோப்பின் தலையில், 'குறைந்தது 4.2 வேண்டும்' என்று குறிக்கும் இடத்தில் நம்பரையும் போட்டாள்.

இரவு ஒன்பதரைக்குப் பொள்ளாச்சியிலிருந்து போன். "புலி வந்துடுச்சுங்க அம்மா! ரெண்டு ஆட்டைத் தின்னுட்டுது."

மீதிப் பணமும் வந்தது. இருவரும் ஒரு நோட்டில் என்ஜின் நம்பர், பெட்டி நம்பர் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மாறுவதானால் ஒரே நாளில் இருவரும் மாறுவதென்று ஏற்பாடு. அந்த நோட்டை என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் பட்டு அட்டை இப்போதே பாதி நிறம் மாறிவிட்டது.