நம்பாதவர்களின் சங்கம்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு. நாம் சொல்லுவதை நாலு பேர் நம்பிவிடுகிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்பாவிட்டாலும், வகுப்புக்கு வெளியே இருக்கும் பெரியவர்கள் நம்பிவிடுகிறார்கள். இந்த உண்மையை உணர்வதற்கு நமக்குப் பத்து வருஷமும், ஒரு சிநேகிதரின் மூன்று லட்சம் ரூபாயும் செலவாயின. அந்தக் கதையைத்தான் நேயர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

2015-ஆம் வருஷத்துக் கோடை விடுமுறையில் நாம் பிட்காயின் கூட்டத்தில் சேர்ந்தோம். கோயமுத்தூரில் ஒரு காப்பி ஹோட்டல் மாடியில், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். ஒருவர் பம்புப் பட்டறை முதலாளி. ஒருவர் மருந்துக் கடைக்காரர். ஒருவர் கணினிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். மற்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். அப்போது ஒரு பிட்காயின் பதினைந்து, பதினாறாயிரம் ரூபாய் விலை. சம்பள பாக்கியாக நமக்கு வந்த ஒரு சிறு தொகையை அதில் போட்டோம். விஷயத்தை வீட்டில் தெரிவித்தபோது, "அந்தக் காசைக் கொஞ்சம் காட்டுங்கள், பார்க்கலாம்" என்றாள் நம் மனைவி. காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்கள் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அந்தச் சொற்களை வரிசையாக அறிந்தவன் எவனோ அவனே அந்தப் பணத்துக்கு எஜமானன். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஒரு பட்டுப் புடவையாவது வாங்கியிருக்கலாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

நாம் அதில் மயங்கியதற்குப் பேராசை மட்டும் காரணமல்ல. கணக்கு உபாத்தியாயர் ஒருவரை மயக்கக்கூடிய அழகு அதில் இருந்தது. 2008-ஆம் வருஷம், அமெரிக்காவில் பெரிய பாங்குகள் கவிழ்ந்துகொண்டிருந்த சமயத்தில், அக்டோபர் 31-ந் தேதி, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் யாரோ ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அவர் ஒருவரா, பலரா என்பதுகூட இன்றுவரை நிரூபணமாகவில்லை. 2009 ஜனவரி 3-ந் தேதி அவர் தொடங்கிய பேரேட்டின் பிரதிகள் இப்போது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. ஏறக்குறையப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் எழுதப்படுகிறது. பக்கத்தை முடித்து முத்திரை வைக்கும் கணினிக்குப் புதுக் காசுகள் வெகுமதி. ஆரம்பத்தில் பக்கத்துக்கு 50 காசு. 2,10,000 பக்கங்களுக்கு ஒரு முறை அது பாதியாகும். 2024 ஏப்ரலில் 3.125 ஆகக் குறைந்தது.

ஒன்று, அரை, கால், அரைக்கால், மாகாணி என்று எத்தனை காலம் கூட்டிக்கொண்டு போனாலும் கூட்டுத்தொகை இரண்டைத் தாண்டாது என்பதைப் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் சொல்லிக் கொடுத்து வந்தவர் நாம். ஆகவே முதல் தவணையின் 1,05,00,000 காசை இரண்டால் பெருக்கினால் வரும் 2,10,00,000 காசுக்கு மேல் இந்த உலகத்தில் பிட்காயின் உண்டாக முடியாது. எந்தச் சர்க்காரும் அச்சடித்துப் பெருக்க முடியாத பணம்! கரும்பலகையோடு நின்ற ஒரு சூத்திரம் உலகத்தில் இறங்கி நடமாடுவதைப் பார்த்தால் எந்தக் கணக்கு வாத்தியாருக்குத்தான் தலை கிறுகிறுக்காது?

நமது கூட்டத்தின் மூல மந்திரம், "எவரையும் நம்பாதே, நீயே சரிபார்" என்பது. ஆனால் இந்த நம்பாதவர்களின் சங்கத்தைப்போல் ஒருவரையொருவர் நம்பிய கூட்டத்தை நாம் வேறெங்கும் கண்டதில்லை. என்ன ஜாதி, எந்த ஊர், என்ன சம்பளம் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. பன்னிரண்டு சொற்களை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று நமக்குக் கற்றுக்கொடுப்பதற்காகப் பம்புப் பட்டறைக்காரர் ஒரு நாள் இரவு பன்னிரண்டு மணி வரையில் உட்கார்ந்திருந்தார். சொற்களை நாம் எழுதும்போது மட்டும் எழுந்து போய் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அந்த மரியாதையை நாம் இன்னும் மறக்கவில்லை.

ஒரே ஒரு கேள்விதான் அங்கே மகா அபசாரமாகக் கருதப்பட்டது. "உம்மிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் திருடனுக்கு வழி காட்டியதுபோல் ஆகும் என்பது காரணம். நியாயமான காரணந்தான். ஆனால் அந்த நியாயமே பின்னால் நம்மைக் கெடுத்தது.

2017 டிசம்பரில் விலை வானத்தை எட்டிற்று. ஒரு காசு 20,000 டாலரை நெருங்கியது. நம் பள்ளிக்கூடத்துச் சித்திர உபாத்தியாயர் ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, "ஸார், இதில் போடலாமா?" என்று கேட்டார். "போடுங்கள்" என்று நாம் சொல்லவில்லை. "இன்னும் ஏறும் என்றுதான் எங்கள் கூட்டத்தில் பேசிக்கொள்கிறார்கள்" என்று சொன்னோம். சொல்லிவிட்டுப் புன்னகை புரிந்தோம். அந்தப் புன்னகையே போதுமானதாயிருந்தது. பெண்ணின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்த மூன்று லட்சத்தை அந்த வாரமே போட்டுவிட்டார். கால் காசு கிடைத்தது.

அப்புறம் நடந்தது உலகம் அறிந்தது. 2018 ஏப்ரல் 6-ந் தேதி, இத்தகைய காசு வியாபாரத்துக்குப் பாங்குகள் துணை போகக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு சுற்றறிக்கை விடுத்தது. விலை நாளுக்கு நாள் இறங்கி, அந்த வருஷ டிசம்பரில் 3,200 டாலர் அளவுக்கு வந்தது. கல்லூரிக்குப் பணம் கட்டவேண்டிய தவணையும் அப்போதுதான் வந்தது. சித்திர உபாத்தியாயர் விற்றார். மூன்று லட்சம் போட்ட இடத்தில் ஐம்பதினாயிரத்துச் சொச்சம் தேறிற்று. நம்மிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அடுத்த வருஷம் ஈரோட்டுப் பக்கம் வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அந்த மாதத்துக் கூட்டத்தில், பயந்து விற்றவர்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "கை நடுங்கிகள்!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, சாப்பாட்டு டப்பாவை மூடிய அந்தக் கை நம் ஞாபகத்துக்கு வந்தது. அது நடுங்கவில்லை, பெண்ணுக்குப் பணம் கட்டிற்று.

அன்று இரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. நிலம் வாங்கினால் விளைச்சல் உண்டு. வீடு வாங்கினால் வாடகை உண்டு. கடன் கொடுத்தால் வட்டி உண்டு. இந்தக் காசிலோ விளைச்சலும் இல்லை, வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. இன்னொருவர் நம்மைவிட அதிக விலை கொடுக்க முன்வந்தால்தான் அது ஏறும். அப்படியானால், காசு வைத்திருப்பவன் வைத்திராதவனிடம் "நல்லது" என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும், அவன் கொஞ்சம் வியாபாரியாகிறான். சிநேகத்தால் சொன்னோமா, லாபத்தால் சொன்னோமா என்பது சொன்ன நமக்கே தெரியாது. கேட்கிறவருக்கு எப்படித் தெரியும்? சதோஷி நகமோட்டோ 2011-இல் எல்லோரிடமும் விடைபெற்றுப் போய்விட்டார். ஏறக்குறையப் பத்து லட்சம் காசு அவருடையதாக இருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கணிக்கிறார்கள். அந்தக் காசுகள் அசையவில்லை. நம்மைப் போன்ற சாதாரண மனிதர்களின் நாக்குத்தான் அசைந்துகொண்டே இருக்கிறது.

பிறகு காலம் மாறிற்று. 2020 மார்ச் 4-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சுற்றறிக்கையைச் செல்லாது என்று தள்ளியது. 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் நூற்றுக்கு முப்பது வரி என்று சர்க்கார் விதித்தது. 2024 டிசம்பரில் ஒரு காசு 1,00,000 டாலரைத் தாண்டிற்று. "உங்கள் சித்திர வாத்தியார் பொறுத்திருந்தால் இருபது லட்சம் ஆகியிருக்குமே!" என்றார் மருந்துக் கடைக்காரர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நமக்கோ வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதுபோல் இருந்தது. பொறுத்திருக்க வசதி உள்ளவனுக்குப் பொறுமை ஒரு குணம். மற்றவனுக்கு அது கல்லூரிக் கட்டணம்.

2025 பொங்கல் விடுமுறையில் அவரைத் தேடிக்கொண்டு போனோம். பெண் படித்து முடித்து வேலையில் அமர்ந்துவிட்டாளாம். காப்பி கொடுத்தார், தாம் எழுதிய காவிரிக் கரைச் சித்திரங்களைக் காட்டினார். "நீங்கள் பொய் ஒன்றும் சொல்லவில்லையே, ஸார். ஏறும் என்றீர்கள், ஏறத்தானே ஏறியது?" என்றார். அதைவிடக் கடுமையாக அவர் நம்மைத் திட்டியிருக்க முடியாது.

அப்போதுதான் கூட்டத்தின் விதியை மீறி, நம்மிடம் எவ்வளவு இருக்கிறது, எந்த விலைக்கு வாங்கினோம் என்பதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஸார்."

"சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டீர்களா?"

"வாங்கியிருப்பேன். ஆனால் பாதிதான் வாங்கியிருப்பேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாம் இன்னும் அந்தக் காப்பி ஹோட்டல் மாடிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். சூத்திரத்தின் அழகு குறைந்துவிடவில்லை; மனிதர்களும் நல்லவர்களே. ஆனால் புதிதாக யாராவது வந்து, "வாங்கலாமா?" என்று கேட்டால், முதலில் நமது இருப்பைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறோம். கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. பம்புப் பட்டறைக்காரர் மட்டும் முன்போலவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

நேயர்களிடம் மட்டும் மறைப்பானேன்? நம்மிடம் இருப்பது அரைக் காசு. எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. மேலே சொன்னவற்றில் அதற்குத் தக்கபடி கழித்துக்கொண்டு மீதியை எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.