பத்து டொலர்த் திரைக்கதை

1930களின் ஹொலிவூட்டில் திரைக்கதையாசிரியன் கூலிக்கு எழுதுபவனாகவே கருதப்பட்டான். அவன் எழுதியதை இன்னொருவர் திருத்துவார், வேறொருவர் நெறிப்படுத்துவார். பிரெஸ்ரன் ஸ்ரேர்ஜஸ் இந்நிலையைப் பல்லாண்டுகள் பொறுத்திருந்தார். தம் வசனங்கள் பிறர் கையில் உருமாறுவதைக் கண்டு மனங்கசந்தவர், 1939இல் பரமவுண்ட் நிறுவனத்தாரிடம் விசித்திரமானதொரு பேரம் பேசினார். திரைக்கதையொன்றை வெறும் 10 டொலருக்குத் தருவார். ஆனால் அதனை அவரே நெறிப்படுத்த வேண்டும்.

அவ்வாறு உருவாகி 1940இல் வெளிவந்ததே 'த கிரேட் மக்கின்ரி'. ஒரே தேர்தலில் 37 தடவைகள் கள்ளவாக்களித்து, அத்திறமையினாலேயே அரசியலில் ஏறி ஆளுநராகும் நாடோடி ஒருவனின் கதை அது. அவன் வீழ்ச்சியுறுவதோ நேர்மையாக நடக்க முற்பட்ட வேளையில்! மூலத் திரைக்கதைக்கென ஒஸ்கார் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் ஸ்ரேர்ஜஸ்.

1944 வரையில் மேலும் ஏழு படங்கள். அவற்றுள் 'சலிவன்ஸ் ரவல்ஸ்' (1941) தனித்து நோக்கத்தக்கது. வறுமையைப் பற்றித் தீவிரமான படமொன்றை எடுக்க விழையும் நெறியாளன், கைதிகளின் நடுவே அமர்ந்து கேலிச்சித்திரப் படமொன்றைப் பார்த்துத் தன்னையறியாமலே சிரித்துவிடுகிறான். உபதேசத்தை வெறுத்த கலைஞனின் சுயவிசாரணை என்றே இதனைக் கொள்ளலாம்.

ஆயினும், 10 டொலருக்கு வாங்கிய சுதந்திரம் நெடுநாள் நிலைக்கவில்லை. மயக்கமருந்தின் வரலாற்றைக் கூறும் 'த கிரேட் மொமென்ற்' படத்தை நிறுவனத்தார் அவரது விருப்பத்துக்கு மாறாக வெட்டியொட்டி 1944இல் வெளியிட்டனர். அதற்குள் அவர் அங்கிருந்து விலகியிருந்தார். பின்னாளில், 1948இல் வந்த 'அன்பெயித்புலி யுவர்ஸ்' நீங்கலாக, பழைய வீச்சை அவர் படங்களிற் காண்பதரிது. 1959இல் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில், தன்வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த நாள்களில், காலமானார்.