பம்பிங் நல்லாருக்கு, ஆனா...

எங்க தூத்துக்குடியில பிரஷர் மாத்திரை சாப்பிடுற யாரையும் "ஹார்ட் எப்படி இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. "எக்கோ எடுத்தாச்சு, பம்பிங் நல்லாருக்கு"ன்னு பதில் வரும். எங்க அப்பாவும் அந்தக் கட்சிதான். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். 12 வருஷமா பிரஷர். மாத்திரை ஞாபகம் வந்தா உண்டு. "தலையே சுத்தலை, எதுக்குலே மாத்திரை?"

சமீபமா மாடி ஏறும்போது பாதியில நின்னு மூச்சு வாங்குறார். கேட்டா, "வயசாவுதுல்லா". லீவுல வந்தப்ப வற்புறுத்திக் கூட்டிட்டுப் போனேன். எக்கோவுல பம்பிங் 62 சதவீதம். நார்மல். அப்பா எழுந்தே விட்டார். டாக்டர், "அண்ணாச்சி, உக்காருங்க. அடுத்த வரியையும் படிப்போம்"ன்னார். 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேடு 1'.

அவர் விளக்கினது எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இதுதான். இதயத்துக்கு ரெண்டு வேலை. சுருங்கி ரத்தத்தை வெளியே தள்ளணும். அப்புறம் தளர்ந்து அடுத்த ரத்தத்தை உள்ளே வாங்கணும். பம்பிங் சதவீதம் முதல் வேலைக்கான மார்க் மட்டும்தான். வருஷக்கணக்கா அதிக அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, இடது கீழறையோட சுவர் தடிச்சு விறைப்பாயிடும். அப்ப பெரும்பாலும் முதல்ல அடிவாங்குறது தளர்ற வேலை.

துறைமுகக் கணக்குல சொன்னா, பெர்த்துல நிக்கிற கப்பல்ல சரக்கு ஏத்துற வேகம் குறையவே இல்லை. ஆனா அடுத்த கப்பலுக்கு பெர்த் சீக்கிரம் காலியாகலை. வெளியே கப்பலெல்லாம் நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கு. இதயத்துல இந்த நெரிசல் முத்தினா, அழுத்தம் பின்னாடி நுரையீரல் வரைக்கும் ஏறும். மூச்சு வாங்கும். பம்பிங் மட்டும் நார்மல்னே காட்டிட்டிருக்கும்.

இதை ஆரம்பத்துலயே காட்டிக் கொடுக்கிறது எக்கோவுல இருக்கிற டாப்ளர். ரத்தம் உள்ளே பாயறது ரெண்டு அலையா தெரியும். தானா பாயறது 'இ', மேலறை சுருங்கித் தள்ளுறது 'ஏ'. இளவயசுல 'இ'தான் பெருசு. தளர்றது மந்தமானா 'ஏ' முந்திடும். சுவர் அசையற வேகத்தை அளக்கிற திசு டாப்ளர், தசை நீளவாக்குல எவ்வளவு சுருங்குதுன்னு பார்க்கிற 'ஸ்ட்ரெய்ன்', என்டி-புரோபிஎன்பிங்கிற ரத்தப் பரிசோதனை எல்லாம் துணைக்கு உண்டு. சாதாரண இசிஜி நார்மலா இருந்தாலே தப்பிச்சோம்னு அர்த்தமில்லை.

இன்னொரு சுவாரசியம். எக்கோவே ஒருவகையில துறைமுகத்துப் பிள்ளைதான்! 1953-ல சுவீடன்ல எட்லர்ங்கிற டாக்டரும் ஹெர்ட்ஸ்ங்கிற இயற்பியல்காரரும் இதைத் தொடங்கினப்ப, முதல்ல சோதிச்சுப் பார்த்தது மால்மோ கப்பல் கட்டும் தளத்துல உலோகத்துல விரிசல் தேடற கருவியை வெச்சுத்தான். வெளியே தெரியாத விரிசலைத் தேடற புத்தி அப்பவே அதுக்கு இருந்திருக்கு.

விஷயம் சின்னதில்லைங்க. 1996-ல வெளியான அமெரிக்க ஃபிரேமிங்ஹாம் ஆய்வுல, இதயச் செயலிழப்பு வந்தவங்கள்ல 91 சதவீதம் பேருக்கு அதுக்கு முன்னாடியே உயர் ரத்த அழுத்தம் இருந்திருக்கு. அதே சமயம், வயசானவங்க ரிப்போர்ட்ல கிரேடு 1 சகஜமா வர்றதுதான். அதைப் பார்த்து அலற வேண்டாம். பிரஷரை ஒழுங்கா கட்டுக்குள்ள வெச்சா தடிச்ச சுவர் ஓரளவு குறையவும் செய்யும்னார் டாக்டர். மூச்சு வாங்க வேற காரணம் இருக்கான்னு பார்க்க ரத்தப் பரிசோதனையும் எழுதினார்.

மாத்திரைக்குக் காசில்லைன்னும் சொல்ல முடியாது. 2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தர்றாங்க. அப்பாகிட்ட பேரம் படியாதது உப்புலதான். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளங்குது உலக சுகாதார நிறுவனம். தமிழ்நாட்டு உப்புல பெரும்பங்கு விளையுற மாவட்டத்துல, கருவாடு இல்லாம சோறு இறங்காத மனுஷன்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க! இப்போதைக்கு மாசம் ஒரு தடவைன்னு உடன்படிக்கை. அம்மா சாட்சிக் கையெழுத்து.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுற ஆளு. உங்க வீட்டு அப்பா அம்மாவுக்குப் பல வருஷமா பிரஷர் இருந்தா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட "பம்பிங் சரி, தளர்றது எப்படி இருக்கு?"ன்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க மக்கா.