தாத்தா கொண்டு வந்த சேவல் காசு

எங்கள் வீட்டில் பங்கு பிரிக்க முடியாத சொத்து ஒன்றே ஒன்றுதான்: 21 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு தங்கக் காசு. சைகோனில் பிரெஞ்சு அரசாங்க வேலை பார்த்து, 1938-ல் புதுச்சேரி திரும்பிய தாத்தா கொண்டு வந்தது. ஒரு பக்கம், பிரெஞ்சுக் குடியரசின் அடையாளமான மரியான் முகம். மறுபக்கம் சேவல், 20 பிராங்க், 1911.

அம்மா போன பிறகு பேச்சு வந்தது. 'விற்றுப் பிரித்துக்கலாம்' என்றான் தம்பி. வளையம் பற்றவைத்துப் பேத்தி கழுத்தில் போட அக்காவுக்கு ஆசை. நான் கொஞ்சம் அவகாசம் கேட்டுவிட்டு, அந்தக் காசைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

பிராங்க் பிறந்ததே மீட்புப் பணத்துக்காகத்தானாம். 1356-ல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட மன்னர் இரண்டாம் ழானை மீட்பதற்காக, 1360-ல் முதல் தங்க பிராங்க் அடிக்கப்பட்டது. பிறகு 1803-ல் நெப்போலியன் காலத்துச் சட்டப்படி 20 பிராங்க் காசுக்கு எடை 6.45 கிராம், அதில் 90 சதவீதம் தங்கம் என்று முடிவானது. அரசர்கள் வந்தார்கள், பேரரசர் வந்தார், குடியரசு வந்தது. காசில் முகம் மாறியதே தவிர, 1914 வரை எடை மாறவில்லை. நாம் 'பவுன்' என்பதுபோல, பிரெஞ்சுக்காரர்கள் இதை இன்றும் 'நெப்போலியன்' என்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். 1951 முதல் 1960 வரை, பழைய ஆண்டுகளையே பொறித்து சேவல் காசுகளை மறுபடியும் அடித்திருக்கிறார்கள். பழங்காசு வியாபாரி ஒருவரிடம் மூவரும் போனோம். "1911-னு இருக்கு. ஆனா அப்புறம் அடிச்சதாவும் இருக்கலாமே" என்று இழுத்தார்.

அக்கா சட்டென்று சொன்னாள்: "எங்க தாத்தா காலமானதே 1949-ல சார்!"

வியாபாரி சிரித்துவிட்டார். "அப்ப இது அசல் பழசுதாம்மா. ஆனா நிறைய அடிச்ச காசு, தங்க விலைக்கு மேல பெரிசா ஒண்ணும் கிடைக்காது. வளையம் மட்டும் வெச்சிடாதீங்க. பத்தவெச்சா சேகரிக்கிறவங்க யாரும் தொடமாட்டாங்க."

வீடு திரும்பும்போது தம்பியே சொன்னான்: "தங்க விலைதான்னா, விக்கவே வேணாம்க்கா." இப்போது ஆளுக்கு ஒரு வருஷம் வைத்துக்கொள்கிறோம். பொங்கலன்று கை மாறும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காசு இருந்தால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள். யார், எப்போது, எங்கிருந்து கொண்டு வந்தார் என்று பெரியவர்களைக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். காசில் பொறிக்காத சேதி அது.