45ம் 38ம் சேர்ந்தா 4538

ராத்திரி பதினொன்றரைக்கு சித்தி பொண்ணு வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பினா. லேப்டாப் திரையை போன்ல எடுத்தது.

"அண்ணா, திட்டாதீங்க. ரெண்டு மணி நேரமா பாக்குறேன். 45, 38 ரெண்டையும் கூட்டச் சொன்னா 4538னு வருது."

பைத்தான்ங்கிற நிரல்மொழில 'இன்புட்' எதை வாங்கினாலும் எழுத்தாத்தான் வச்சுக்கும். கூட்டச் சொன்னா பக்கத்துல ஒட்டிடும். 'இன்ட்' போட்டு எண்ணா மாத்தணும்.
2008ல பைத்தான் 3 வந்ததுலேருந்து இப்படித்தான். பைத்தான் 2ல அதுவே எண்ணாக் குடுத்துடும். பழைய பாடத்தைப் பாத்துப் படிக்கிற பிள்ளைங்க இங்கதான் முட்டிக்கிறாங்க.

போன்ல சொன்னேன். 83 வந்துச்சு.
அவ கத்தின கத்துல சித்தி எழுந்து வந்துட்டாங்க!

எனக்குத்தான் தூக்கம் வரல.
அந்த 'திட்டாதீங்க' உறுத்திக்கிட்டே இருக்கு.

சந்தேகம் கேக்கவே பயப்படணும்னு இந்தப் பிள்ளைக்கு யாரு சொல்லிக் குடுத்தது?